சிற்றளவு மின்மோட்டாரும் பல்சக்கரமும்: ஒரு தேர்வுமுறையின் வரலாறு

சிறிய மின்மோட்டார் ஒன்றை வாங்குவோர் பெரும்பாலும் அது எத்தனை வாட் என்பதையே முதலில் நோக்குகின்றனர். ஆனால் இம்மோட்டார்கள் புழக்கத்துக்கு வந்த வரலாற்றில் அவற்றின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை, வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களும் வேலை நீடிக்கும் நேரமுமே ஆகும்.

வெர்மான்ட் மாநிலக் கொல்லரான தாமஸ் டாவன்போர்ட் 1837-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற மோட்டார், மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலை நிலக்கரியினும் மிகுதியாக இருந்தமையால் சந்தையில் நிலைக்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் விற்பனை கண்டவை, வேகத்தை அப்படியே ஏற்கும் கருவிகளே: 1876-இல் எடிசன் காப்புரிமை பெற்ற மின்பேனாவில் மோட்டார் தண்டின் சுழற்சி ஊசியின் மேல்கீழ் அசைவாக மாறியது, 1882-இல் ஷூய்லர் வீலர் அமைத்த மேசை விசிறியில் இறக்கைகள் தண்டிலேயே பொருத்தப்பட்டன. இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. திறன் என்பது முறுக்குவிசையையும் (தண்டைத் திருப்பும் வலிமை) சுழற்சி வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. சிறிய சுழலி தரக்கூடிய முறுக்குவிசை குறைவாதலால், அது வேகமாகச் சுழன்றால்தான் குறிப்பிடத்தக்க திறனைத் தர இயலும்.

மெதுவாகவும் வலிமையாகவும் இயங்க வேண்டிய வேலைகளுக்கு இதனால் பல்சக்கரம் இன்றியமையாததாயிற்று. டேட்டன் நகரின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங், கல்லாப்பெட்டி இயந்திரத்தை மின்மோட்டாரால் இயக்கியபோது, அதன் வேலை சில நொடிகளே நீடிப்பதால் தொடர் ஓட்டத்துக்குத் தாங்காத சுமையையும் சிறிய மோட்டார் அந்நேரத்துக்குத் தாங்கும் என்று கண்டார். கம்பிச்சுருளின் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயர்ந்தாலும், அது காப்புப்பூச்சைக் கருக்கும் அளவை எட்டுமுன் வேலை முடிந்துவிடுகிறது. கார் எஞ்சினைக் கையால் சுற்றித் தொடங்கும் முறைக்கு மாற்றாக அவர் உருவாக்கிய மின்தொடக்கி 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. கடைமேசையில் பிறந்த எண்ணம் காருக்குள் புகுந்தது தற்செயலன்று. இரண்டிலும் சுமையின் இயல்பு ஒன்றே.

இடைவிடாது ஓட வேண்டும் என்ற நேர்மாறான தேவையை எதிர்கொண்டவர் மாசச்சூசெட்சின் ஹென்றி வாரன். மாறுதிசை மின்னோட்டத்தின் அலைவெண்ணோடு இணைந்து மாறா வேகத்தில் சுழலும் ஒத்தியங்கு மோட்டாரைக் கடிகாரத்தில் பொருத்திய அவர், மின்நிலையத்தின் அலைவெண் பிறழ்ந்தால் கடிகாரமும் பிறழும் என்பதால், 1916-இல் பாஸ்டன் மின்நிலையத்தில் ஒரு தலைமைக் கடிகாரத்தை நிறுவச் செய்தார். 60 ஹெர்ட்ஸில் இருமுனைச் சுழலி நிமிடத்துக்கு 3600 சுற்றுகள் சுழல, நொடிமுள்ளுக்கு வேண்டியதோ ஒரே சுற்று; இடைப்பட்ட குறைப்பைச் செய்த பல்சக்கரங்கள் எண்ணெயுடன் சிறு பெட்டியில் அடைக்கப்பட்டன. மோட்டாரும் பல்சக்கரமும் ஒரே உறுப்பாக விற்கப்படும் இன்றைய கியர் மோட்டாரின் தெளிவான முன்னோடி இதுவே எனலாம்.

1950-களில் பரவிய மலிவான ஃபெரைட் காந்தமும், 1980-களில் வந்த நியோடிமியம் காந்தமும் மோட்டாரைச் சுருக்கினவேயன்றிக் கணக்கை மாற்றவில்லை. நிமிடத்துக்கு 1500 சுற்றுகளும் 0.1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் மோட்டாருடன் 30:1 பல்சக்கரப் பெட்டியை இணைத்தால் வேகம் 50 சுற்றாகக் குறையும். முறுக்குவிசை கோட்பாட்டளவில் 3 நியூட்டன் மீட்டராக உயர வேண்டும். பெட்டியின் பயனுறுதிறன் 60 விழுக்காடாயின் கிடைப்பது 1.8 மட்டுமே. திருகு வடிவத் தண்டு பற்சக்கரத்தைத் திருப்பும் வார்ம் கியரில் இவ்விழப்பு பெரிது. சுமை பின்னோக்கித் தள்ளினாலும் தானே பூட்டிக்கொள்ளும் வகையில் பயனுறுதிறன் பொதுவாகப் பாதிக்கும் கீழே நிற்கும். எனினும் சுமையைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் அவ்விழப்பே விரும்பத்தக்க குணமாகிறது.

ஆகவே சுமைக்கு வேண்டிய முறுக்குவிசை, வேகம், ஓடும் நேரம் ஆகியவற்றை முதலில் கணித்து, அவற்றிலிருந்து பின்னோக்கி மோட்டாரை அடைவதே சரியான முறை. குறைப்பு விகிதம் மிகும்போது மோட்டார் முடங்குமுன் பற்கள் முறியக்கூடுமாதலால், பல்சக்கரப் பெட்டிக்கு உற்பத்தியாளர் குறிக்கும் உச்ச முறுக்குவிசையைத் தாண்டாமல் தேர்ந்தெடுக்க வேண்டும்.