கோல்டன் கேட் பாலமும் ஒரு கயிற்று வலையும்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அந்தச் செந்நிறப் பாலத்தின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதைக் கட்டும்போது அடியில் தொங்கிய வலையைப் பற்றித் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பாலம் கட்டுபவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. பத்து லட்சம் டாலர் செலவழித்தால் ஓர் உயிர் போகும் என்பதுதான் அது. கோல்டன் கேட் பாலத்தின் செலவு சுமார் மூன்றரைக் கோடி டாலர். அப்படியென்றால் 35 பேர்! சிமெண்ட், இரும்பு போல மனித உயிரையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

1933 ஜனவரி 5 அன்று வேலை தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடே தவித்த நேரம் அது. எந்த வேலை கிடைத்தாலும் போதும் என்று ஆட்கள் வந்தார்கள். மேலே பலத்த காற்று, மூடுபனி, ஈரத்தில் வழுக்கும் இரும்பு. கீழே 200 அடிக்கும் மேலான பள்ளத்தில் கடல். கால் இடறினால் அவ்வளவுதான்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தப் பழைய கணக்கை ஏற்கவில்லை. எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று விதித்தார். பாலத்தின் அடியில், சர்க்கஸில் கட்டுவதுபோல ஒரு வலையைக் கட்டவைத்தார். அது பாலத்தின் அகலத்தைத் தாண்டி 10 அடி வெளியே நீண்டிருந்தது. அதற்கு ஆன செலவு சுமார் 1,30,000 டாலர். பெரிய தொகைதான். ஆனால் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் 100 டாலருக்கு 40 சென்ட்கூட வராது!

அந்த வலையில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். நரகத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பியவர்கள் என்பதால் 'பாதி வழி நரகச் சங்கம்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

வேலை தொடங்கி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1936 அக்டோபரில்தான் முதல் மரணம். பிறகு 1937 பிப்ரவரி 17 வந்தது. ஆட்கள் நின்று வேலை செய்துகொண்டிருந்த கனமான சாரம் பெயர்ந்து வலையில் விழுந்தது. விழும் மனிதனைத் தாங்கக் கட்டிய வலை அது, டன் கணக்கான எடையைத் தாங்கவில்லை. கிழிந்துபோனது. ஒரே நாளில் பத்துப் பேர் இறந்தார்கள். திறப்பு விழாவுக்கு மூன்று மாதமே இருந்தது.

ஆக மொத்தம் 11 பேர். 35 என்ற கணக்கு பொய்யானது. ஆனால் வலை இருக்கிறது என்பதற்காகச் சாரத்தைக் கவனிக்காமல் விட முடியாது என்பதையும் அந்தப் பத்துப் பேரின் மரணம் காட்டியது. வேலையில் விழுவது தலைவிதி அல்ல. விழாமல் தடுப்பதற்கும், விழுந்தால் தாங்குவதற்கும் யாராவது முன்பே யோசித்திருக்க வேண்டும்.