காத்திருப்பும் இழப்பும்: ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளிலும் தொலைக்காட்சித் தொடரிலும் இடைவெளியின் வரலாறு (1893–2017)

ஆய்வுச் சுருக்கம்

பிபிசி தொலைக்காட்சியில் 2010 முதல் 2017 வரை ஒளிபரப்பான ‘ஷெர்லக்’ துப்பறியும் தொடரின் பருவங்களுக்கிடையே நீண்ட இடைவெளிகள் அமைந்தன. அவற்றை, ஆர்தர் கோனன் டாயில் 1893இல் தம் கதைத்தலைவனைக் கொன்று 1903இல் மீட்டுக் கொணர்ந்த பத்தாண்டு இடைவெளியோடு இணைத்துப் பேசுவது வழக்கம். இரண்டும் ஒரே தன்மையன அல்ல என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. 1893இல் வாசகர் அடைந்தது இழப்பு. 2012இல் பார்வையாளருக்குக் கிடைத்தது வாக்குறுதியோடு கூடிய காத்திருப்பு. இவ்வேறுபாடு, மீட்சிக் கதைகள் எழுதப்பட்ட முறையையும் அவை ஏற்கப்பட்ட முறையையும் மாற்றியமைத்தது என்பதே கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: துப்பறியும் புனைவு, ஷெர்லக் ஹோம்ஸ், ஸ்ட்ராண்ட் இதழ், தொலைக்காட்சித் தொடர், பருவ இடைவெளி, கதைக்காலம்.

முன்னுரை

தொடராக வெளிவரும் படைப்பு எதுவாயினும் அதில் இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று கதைமாந்தர் வாழும் காலம். மற்றொன்று வாசகரோ பார்வையாளரோ அடுத்த பகுதிக்காகக் கழிக்கும் காலம். இலக்கிய வரலாறு முதலாவதை விரிவாக ஆராய்ந்த அளவிற்கு இரண்டாவதை ஆராயவில்லை. வெளியீட்டுக் கால அட்டவணை வணிகத்தைச் சார்ந்தது, படைப்பைச் சார்ந்ததன்று என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் இடைவெளி நீளும்போது அது படைப்பின் உள்ளமைப்பையே தொடுகிறது. இதனை ஆராய ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் ஏற்றவை. ஒரே கதைத்தலைவன் நூற்றாண்டு கடந்து இரு வேறு ஊடகங்களில் நீண்ட இடைவெளிகளைச் சந்தித்திருப்பதும், இரு ஊடகங்களிலும் அவனது ‘மரணம்’ இடைவெளியின் தொடக்கமாக அமைந்திருப்பதும் ஒப்பீட்டிற்கு வாய்ப்பளிக்கின்றன.

ஸ்ட்ராண்ட் இதழும் தனித்து முடியும் கதையும்

ஜார்ஜ் நியூன்ஸ் தொடங்கிய ஸ்ட்ராண்ட் மாத இதழின் முதல் வெளியீடு 1891 ஜனவரியில் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஹோம்ஸின் முதற் சிறுகதை அதில் வெளியாயிற்று. அக்கால இதழ்களில் புனைவு பெரும்பாலும் தொடர்கதையாகவே வந்தது. ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் கதையின் தொடர்ச்சியை இழந்து ஆர்வமும் குன்றுவர் என்பதை டாயில் கண்டார். ஒரே கதைத்தலைவன், ஆனால் ஒவ்வோர் இதழிலும் தனித்து முடியும் கதை என்பதே அவர் கண்ட தீர்வு. இதனை அவர் 1924இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் விளக்கியுள்ளார்.

இத்தீர்வின் உட்பொருள் கவனத்திற்குரியது. தொடர்கதை, பகுதியின் இறுதியில் ஒரு வினாவை விட்டுச்சென்று வாசகரைக் காக்க வைக்கிறது. டாயிலின் வடிவமோ வினாவை அந்த இதழிலேயே தீர்த்துவிடுகிறது. அடுத்த இதழை வாசகர் எதிர்பார்ப்பது எஞ்சிய புதிருக்காக அன்று. ஹோம்ஸுடனும் வாட்சனுடனும் மீண்டும் சிறிது நேரம் இருப்பதற்காக. ஆகவே இவ்வடிவத்தில் இடைவெளி துன்பம் தருவதில்லை. 1892 ஜூனில் முதல் வரிசையின் 12 கதைகள் முடிந்து, அடுத்த வரிசை டிசம்பரில்தான் தொடங்கியது. அந்த அரையாண்டில் வாசகர் கையில் தீராத புதிர் எதுவும் இருக்கவில்லை.

1893: வாக்குறுதியற்ற இடைவெளி

1893 டிசம்பர் இதழில் வெளியான ‘இறுதிச் சிக்கல்’ என்னும் கதையில் ஹோம்ஸ், பேராசிரியர் மொரியார்டியுடன் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் வீழ்ந்து மடிந்ததாக வாட்சன் எழுதுகிறார். துப்பறியும் கதைகள் தம் வரலாற்றுப் புதினங்களை மறைத்துவிட்டன என்னும் மனக்குறை டாயிலுக்கு இருந்தது. ஹோம்ஸைக் கொல்லும் எண்ணத்தை 1891இலேயே தம் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். தாயார் அதனை எதிர்த்தார்.

வாசகர்கள் பலர் இதழை நிறுத்தினர் என்பதும், தம்மைக் கடிந்து ஒரு பெண்மணி கடிதம் எழுதினார் என டாயிலே பதிவு செய்திருப்பதும் அறியப்பட்டவை. இலண்டன் இளைஞர்கள் கறுப்புப் பட்டி அணிந்து துக்கம் காத்தனர் என்னும் செய்தியோ அக்காலச் செய்தித்தாள்களைவிடப் பிற்கால நூல்களிலேயே மிகுதியாக வழங்குகிறது. ஆயினும் இந்த மரபுச்செய்தி ஒன்றைத் தெளிவாக்குகிறது. துக்கம் என்பது முடிந்துபோனதற்காகக் கொள்ளப்படுவது. மீண்டும் வருவான் என்னும் உறுதி எதுவும் 1893இல் தரப்படவில்லை. எனவே அவ்வாசகர்களைக் ‘காத்திருந்தவர்கள்’ என்பது பின்னாளிலிருந்து முன்னோக்கிச் சாற்றும் பெயரே.

இதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம். முதலாவது, இடைவெளியில் ஹோம்ஸ் வேறிடங்களில் தோன்றிய முறை. அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் 1899இல் ஹோம்ஸை மேடையேற்றினார். 1901 ஆகஸ்ட் முதல் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ ஸ்ட்ராண்ட் இதழில் வெளிவந்தது. அது ஹோம்ஸின் மரணத்திற்கு முந்தைய நிகழ்ச்சியாகச் சொல்லப்பட்டது. இறந்தவனைப் பற்றிய நினைவாக அக்கதை அமைந்ததேயன்றி, மீட்சியாக அமையவில்லை. இரண்டாவது சான்று ‘பெரும் இடைவெளி’ என்னும் சொல்வழக்கு. ஹோம்ஸ் ஆர்வலர்கள் இப்பெயரைக் கதைக்குள் ஹோம்ஸ் மறைந்திருந்த 1891–1894 காலத்திற்கே வழங்கினர். வாசகர் கழித்த பத்தாண்டிற்கு அத்தகைய பெயர் நிலைபெறவில்லை.

1903இல் அமெரிக்காவின் காலியர்ஸ் வார இதழ் பெருந்தொகை தர முன்வந்த பின்னரே ‘வெற்று வீடு’ என்னும் கதையில் ஹோம்ஸ் மீண்டான். அது செப்டம்பரில் காலியர்ஸ் இதழிலும் அக்டோபரில் ஸ்ட்ராண்ட் இதழிலும் வெளியாயிற்று.

தொலைக்காட்சித் தொடரின் இடைவெளிகளும் காரணங்களும்

ஸ்டீவன் மொஃபாட், மார்க் கேட்டிஸ் ஆகியோர் உருவாக்கிய ‘ஷெர்லக்’ தொடரின் முதற்பகுதி 2010 ஜூலை 25 அன்று ஒளிபரப்பாயிற்று. பருவத்திற்கு மூன்று பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 நிமிடம். இரண்டாம் பருவம் 2012 ஜனவரியிலும், மூன்றாம் பருவம் 2014 ஜனவரியிலும், ஒரு தனிப்பகுதி 2016 ஜனவரி 1 அன்றும், நான்காம் பருவம் 2017 ஜனவரியிலும் வந்தன. ஆறரை ஆண்டுக் காலத்தில் ஒளிபரப்பான நாள்கள் 13 மட்டுமே. டாயில் 1891 ஜூலை முதல் 1893 டிசம்பர் வரையிலான இரண்டரை ஆண்டில் ஸ்ட்ராண்ட் இதழுக்கு 24 கதைகள் அளித்திருந்தார்.

இவ்வருமைக்குக் கதைத்தலைவன் காரணமல்லன். அதே காலத்தில் ஹோம்ஸை நியூயார்க்கில் வாழ்பவனாக மாற்றிய ‘எலிமென்டரி’ என்னும் அமெரிக்கத் தொடர், 2012 முதல் 2019 வரை 154 பகுதிகளை வழங்கியது. காரணம் தயாரிப்பு முறையில் உள்ளது. முதலில் 60 நிமிட முன்னோட்டப் பகுதி ஒன்றே எடுக்கப்பட்டது. அதனை ஒளிபரப்பாமல் 90 நிமிடப் பகுதிகளைப் பிபிசி கேட்டதால், ஒவ்வொரு பகுதியும் ஒரு திரைப்படத்தின் அளவையும் உழைப்பையும் பெற்றது. மொஃபாட் அதே ஆண்டுகளில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். கேட்டிஸ் எழுதியதோடு மைக்ராஃப்டாக நடிக்கவும் செய்தார்.

நடிகர்களின் வளர்ச்சி மற்றொரு காரணம். வாட்சனாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமன் ‘ஹாபிட்’ திரைப்படங்களின் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். அவர் ஷெர்லக்கின் இரண்டாம் பருவத்தில் நடிப்பதற்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தம் படப்பிடிப்புக் காலத்தை மாற்றியமைத்தார். பெனடிக்ட் கம்பர்பேட்ச் ‘தி இமிடேஷன் கேம்’ (2014), ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ (2016) முதலிய படங்களிலும், 2015இல் இலண்டன் பார்பிகன் அரங்கில் ஹாம்லெட்டாகவும் நடித்தார். தொடர் அவர்களுக்குப் புகழ் தந்தது. அப்புகழே அவர்களைத் தொடருக்குக் கிடைத்தற்கரியவராக்கியது. 1893இல் எழுத்தாளர் ஒருவரின் விருப்பம் இடைவெளியை உண்டாக்கியது. 2010க்குப் பின் பலருடைய நாட்குறிப்புகள் ஒன்று கூடாமை அதனை உண்டாக்கியது.

வடிவ மாற்றமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பகுதிக்குள் புதிர் தீர்ந்துவிடும் டாயிலின் முறையைத் தொடர் ஏற்றுக்கொண்டது. ஆனால் பருவத்தின் இறுதியில், டாயில் விலக்கிய தொடர்கதை உத்தியை மீண்டும் புகுத்தியது. முதற்பருவம் நீச்சல் குளத்தருகே மொரியார்டியை ஹோம்ஸ் எதிர்கொள்ளும் உச்சக்கட்டத்தில் நின்றது. இரண்டாவது ஹோம்ஸின் வீழ்ச்சியில் முடிந்தது. மூன்றாவது இறந்ததாகக் கருதப்பட்ட மொரியார்டியின் முகம் நாடெங்கும் திரைகளில் தோன்றுவதோடு நின்றது. மாத இதழில் இவ்வுத்தி வாசகரை ஒரு மாதம் காக்க வைத்திருக்கும். இங்கு அது இரண்டாண்டு வரை காக்க வைத்தது.

கதைக்காலமும் காத்திருப்புக் காலமும்

பார்வையாளர் கழித்த காலத்தைக் கதைக்குள் தொடர் கையாண்ட முறை மூவகைப்படும்.

முதல் வகையில் கதைக்காலம் நகரவில்லை. 2010 ஆகஸ்ட் 8க்கும் 2012 ஜனவரி 1க்கும் இடையே ஏறத்தாழ 17 மாதங்கள் கழிந்தன. ஆயினும் இரண்டாம் பருவம் அதே நீச்சல் குளத்தில், விட்ட நொடியிலிருந்தே தொடங்கியது.

இரண்டாம் வகையில் இரு காலங்களும் ஒன்றாயின. வீழ்ச்சி ஒளிபரப்பானது 2012 ஜனவரி 15. மீட்சி 2014 ஜனவரி 1. கதையிலும் ஹோம்ஸ் இரண்டாண்டு மறைந்திருந்ததாகவே சொல்லப்பட்டது. மூலக்கதையில் வாட்சன் மூன்றாண்டும் வாசகர் பத்தாண்டும் பிரிந்திருந்தனர். தொடரில் வாட்சனின் பிரிவும் பார்வையாளரின் பிரிவும் ஒரே நீளம் பெற்றன. மீண்டு வந்த ஹோம்ஸிடம் வாட்சன் காட்டும் சினம், மூலக்கதையின் வாட்சன் மயங்கி விழுந்து பின் மகிழ்வதினின்று முற்றிலும் வேறானது. அச்சினத்தில் பார்வையாளரின் ஆற்றாமையும் குரல் பெற்றது எனலாம்.

மூன்றாம் வகையில் கதைக்காலம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. மூன்றாம் பருவத்தின் இறுதியில் நாடு கடத்தப்படும் ஹோம்ஸ் ஏறிய விமானம் நான்கு நிமிடத்தில் திருப்பியழைக்கப்படுகிறது. 2016 ஜனவரி 1 அன்று வந்த தனிப்பகுதி, விக்டோரியா காலத்தில் நிகழ்வதாகத் தோன்றினும், அவ்விமானம் தரையிறங்கும் வேளையில் ஹோம்ஸின் உள்ளத்தில் நிகழ்வதாகவே விளக்கம் பெறுகிறது. ஏறத்தாழ இரண்டாண்டுக் காத்திருப்பிற்குப் பின் கதை சில நிமிடமே முன்னேறியது.

பார்வையாளரின் ஊகங்கள் கதையுள் புகுதல்

இரண்டாம் பருவத்தின் இறுதிக் காட்சியிலேயே ஹோம்ஸ் உயிரோடிருப்பது காட்டப்பட்டது. மூன்றாம் பருவம் இரண்டாவதுடன் சேர்த்தே உறுதிசெய்யப்பட்டிருந்தது என்பதை மொஃபாட் அன்றைய ஒளிபரப்பை அடுத்து அறிவித்தார். ஆகவே ‘மீள்வானா’ என்னும் வினாவிற்கு இடமில்லை. ‘எவ்வாறு பிழைத்தான்’ என்னும் வினாவே எஞ்சியது. இதுவே 1893இலிருந்து 2012ஐப் பிரிக்கும் கோடு. இழப்பு வாசகரை வாய்மூடச் செய்கிறது அல்லது முறையிடச் செய்கிறது. வாக்குறுதியோ பார்வையாளரைத் துப்பறிவாளராக்குகிறது. வீழ்ச்சிக் காட்சியைப் பலமுறை பார்த்து எண்ணற்ற விளக்கங்களை அவர்கள் உருவாக்கினர்.

2014இல் வந்த மீட்சிப் பகுதி அவ்விளக்கங்களைத் தன்னுள் ஏற்றது. ஹோம்ஸ் பிழைத்த விதத்தைப் பற்றி விவாதிக்கும் ஆர்வலர் குழுவொன்று கதையிலேயே இடம்பெற்றது. மூன்று விளக்கங்கள் காட்சிகளாகக் காட்டப்பட்டன. மூன்றாவதை ஹோம்ஸே கூறுகிறான். கேட்பவரோ அதனையும் ஐயுறுகிறார். எது உண்மை என்பது ஐயத்திற்கு அப்பாற்பட்டு உறுதிசெய்யப்படவில்லை. டாயிலின் ஹோம்ஸ் தன் மற்போர்த் திறனால் தப்பியதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுச் செயலில் இறங்குகிறான்; வாட்சன் குறுக்குவிசாரணை செய்வதில்லை. இரண்டாண்டு ஊகித்த பார்வையாளர் முன் அத்தகைய எளிய விடை நில்லாது என்பதை உணர்ந்தே தொடர், விடைக்குப் பதிலாக ஊகித்தலையே கதைப்பொருளாக்கியது.

காத்திருப்பின் கடன்

இவ்வுத்தியை ஒருமுறையே கையாள இயலும். மொரியார்டி உயிரோடிருக்கிறானா என்னும் அடுத்த வினா 2014 ஜனவரி 12 அன்று எழுப்பப்பட்டது. அவன் இறந்தது உண்மையே என்றும், திரைகளில் தோன்றியது முன்னரே பதிவுசெய்த காட்சிகளால் விளைந்தது என்றும் முழுமையான விளக்கம் கிடைத்தது 2017 ஜனவரி 15 அன்று. மூன்றாண்டு வளர்ந்த எதிர்பார்ப்பிற்கு அவ்விடை ஈடாகவில்லை என்னும் கருத்துத் திறனாய்வாளர் பலரிடம் காணப்பட்டது. ஒளிபரப்பான இரவின் கணக்குப்படி 2014இன் மீட்சிப் பகுதியைப் பார்த்தோர் சுமார் 92 இலட்சம். 2017இன் இறுதிப் பகுதியைப் பார்த்தோர் சுமார் 59 இலட்சம். இறுதிப் பகுதி முன்னாளே ரஷ்ய மொழியில் கசிந்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது. எனினும் சரிவு முழுவதையும் அதன்மேல் ஏற்ற இயலாது. இடைவெளி, பார்வையாளரைப் பெருக்கும் அதே வேளையில் படைப்பின்மேல் கடனையும் ஏற்றுகிறது.

டாயில் இதற்கு விலக்கானவர் அல்லர். அருவியில் வீழ்ந்தபோது ஹோம்ஸ் இறக்காதிருக்கலாம், ஆனால் அதன்பின் அவன் பழைய ஹோம்ஸாக இல்லை என்று கார்ன்வால் படகோட்டி ஒருவர் தம்மிடம் கூறியதை அவரே எழுதியுள்ளார். ஆனால் அக்குறை கதைகளின் தரத்தைப் பற்றியது. தரப்பட்ட வாக்குறுதி மீறப்பட்டது என்னும் குற்றச்சாட்டு அதில் இல்லை. வாக்குறுதி தராதவரிடம் கடன் கேட்பார் இல்லை.

முடிவுரை

ஹோம்ஸ் வரலாற்றின் இரு இடைவெளிகளும் நீளத்தால் மட்டும் அளக்கத்தக்கன அல்ல. பத்தாண்டு நீண்ட முதலாவது, தனித்து முடியும் கதைவடிவத்தில், மீட்சி அறிவிக்கப்படாத நிலையில் அமைந்தமையால் இழப்பாக உணரப்பட்டது. மீட்சி எதிர்பாராத கொடையாயிற்று. இரண்டாண்டு அளவினதான பிந்தையது, தொடர்கதை உத்தியோடும் வாக்குறுதியோடும் அமைந்தமையால் காத்திருப்பாக உணரப்பட்டது. மீட்சி தீர்க்கவேண்டிய கடனாயிற்று. பார்வையாளர் கழித்த காலம் கதையின் காலக்கணக்கையும் உணர்ச்சியையும் மாற்றியதால், வெளியீட்டு அட்டவணையும் இலக்கியச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

நான்காம் பருவத்தின் இறுதிப் பகுதி, டாயில் 1893இல் ஹோம்ஸைக் கொன்ற கதையின் பெயரையே தாங்கியது. அதன்பின் தொடரின் புதிய பருவம் வரவில்லை. வாக்குறுதி இல்லாத இடத்தில் காத்திருப்பும் இல்லை என்பதால், 2017க்குப் பிந்தைய பார்வையாளரின் நிலை 2012ஆம் ஆண்டினரைவிட 1893ஆம் ஆண்டு வாசகருக்கே நெருக்கமானது.