சுமந்து சென்ற புரதம்

மூளையின் அடிப்புறத்தில் பட்டாணியளவே அமைந்திருப்பது பிட்யூட்டரிச் சுரப்பி. அதன் பின்மடலிலிருந்து குருதியிற் கலக்கும் ஹார்மோன்கள் இரண்டு. வாசோபிரசின் உடல்நீர் வீணாகாமற் காக்கின்றது. ஆக்சிடோசின் மகப்பேற்றுக்கும் பாலூட்டலுக்கும் துணைநிற்கின்றது. இவை எங்குத் தோன்றுகின்றன என்னும் வினா, அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

1928ஆம் ஆண்டில் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஷாரர், மீனின் மூளையில் சுரப்பணுக்களையொத்த நரம்பணுக்களைக் கண்டார். நரம்பு செய்தியைக் கடத்துமேயன்றிச் சுரக்கவும் கூடுமோ எனப் பலர் ஐயுற்றனர். நாஜி ஆட்சியிலிருந்து விலகி 1937இல் அமெரிக்கா சென்ற ஷாரரும் அவர்தம் துணைவியார் பெர்த்தாவும் தம் ஆய்வைக் கைவிட்டாரல்லர். 1949இல் வோல்ஃப்காங் பார்க்மன் சாயமேற்றிப் பார்த்தபோது, ஹைப்போதலாமசிலிருந்து பின்மடல் வரை நரம்பிழைகளுள் சுரப்புப்பொருள் தொடர்ந்து காணப்பட்டது. பின்மடல் பிறப்பிடமன்று, சேமிப்பிடமே என்பது தெளிவாயிற்று.

1942இல் வான் டைக் குழுவினர் மாட்டின் பின்மடலிலிருந்து பிரித்த புரதத்தில் இரு ஹார்மோன்களின் ஆற்றலும் இருந்தது. ஹார்மோன்களோ ஒவ்வொன்றும் ஒன்பதே அமினோ அமிலங்களாலானவை. ஆக்சிடோசினை 1953இல் செயற்கையாக ஆக்கிய வின்சென்ட் டூ விக்னோ, 1955இல் நோபல் பரிசு பெற்றார். அங்ஙனமாயின் அப்பெரும் புரதம் யாது? அதுவே ஹார்மோனைப் பற்றியிருக்கும் நியூரோபைசின். 1964இல் ஹோவர்டு சாக்ஸ், ஹார்மோன் முதலில் ஒரு பெரிய முன்னோடிப் புரதத்தின் பகுதியாகவே உருவாகின்றது எனச் சான்று காட்டினார். 1982இல் ரிக்டர் குழுவினர் மாட்டின் மரபுச்செய்தியைப் படித்தறிந்து, வாசோபிரசினும் நியூரோபைசினும் ஒரே புரதத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நிறுவினர். நரம்பிழை வழிச் செல்கையில் அது துண்டிக்கப்பட்டு ஹார்மோன் விடுபடுகின்றது.

இதன் உண்மையை ஓர் எலியினம் உணர்த்திற்று. பிராட்டில்பரோ எலிகள் ஓயாது நீர் பருகி ஓயாது சிறுநீர் கழிப்பவை. அவற்றின் மரபணுவில் ஹார்மோனுக்குரிய பகுதி பழுதற்றிருந்தது. நியூரோபைசினுக்குரிய பகுதியில் ஓரெழுத்து மட்டுமே விடுபட்டிருந்தது. 1984இல் இது வெளியாயிற்று. ஓரெழுத்துக் குறையவே பின்வருவன அனைத்தும் பிறழ்ந்தன. புரதம் உருக்குலைந்து அணுவுக்குள்ளேயே தேங்கியது. ஹார்மோன் குருதியை எட்டவில்லை. மனிதரில் பரம்பரையாக வரும் இத்தகைய நோய்க்கும் பெரும்பாலும் நியூரோபைசின் பகுதியின் பிழைகளே காரணம்.

வெறும் சுமைதாங்கி எனக் கருதப்பட்டதே, சுமையின் உயிர்ப்புக்கும் பொறுப்பாயிருந்தது. சிறியதெனத் தோன்றும் எதனையும் புறந்தள்ளாது ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் பாடமாகும்.