எண்ணூர் ஆஸ்டினும் ஜாக்கியும்

எண்ணூர் என்றதும் அசோக் லேலண்ட் லாரிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அத்தொழிற்சாலையின் தொடக்கம் கார்தான். 1948-இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை 1949 முதல் இங்கே பூட்டி விற்றது. 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரியும் பஸ்ஸும் நிலைத்தன, கார் மறைந்தது.

அந்த ஆஸ்டினுக்குத் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். தூக்குவதற்கும் முட்டுக் கொடுப்பதற்கும் கெட்டியான இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பின்னர் வந்த அம்பாசடர் முதலியவற்றில் உடலே சட்டமும் ஆனது. இன்றைய கார்களில் தரைத்தகட்டில் ஜாக்கி கொடுத்தால் தகடு உள்வாங்கும். கையேடு காட்டும் இடங்களே சுமையை ஏற்கும்.

ஜாக் என்பது ஆங்கிலேயரிடையே ஆள்பெயர். எடுபிடிக்குப் பொதுப்பெயராகி, அவன் வேலையைச் செய்யும் கருவிக்கும் வந்தது. (நாம் சொல்லும் ஸ்டெப்னியோ வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் தெருப்பெயர்!) அந்த எடுபிடியின் வேலை தூக்குவது மட்டுமே. ஹைட்ராலிக் ஜாக்கியின் தத்துவத்தில் 1795-இலேயே பிராமா அழுத்த இயந்திரம் செய்து உரிமை பெற்றார். ஆயினும் உள்ளிருக்கும் ஒரு வளையம் கசிந்தால் இன்றும் சுமை இறங்கிவிடும். திருகு ஜாக்கி தானாக இறங்காது, ஆனால் அதன் பாதம் சிறியது; கார் சற்று நகர்ந்தாலே சாய்ந்துவிடும்.

கிரேனில் தொங்கும் சுமைக்கு அடியில் நிற்கலாகாது என்பது துறைமுகத்தில் பாலபாடம். அதை அறிந்தவரே ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில், ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பதுண்டு. சிறிய காரே 600 கிலோவுக்கு மேல்.

முறை எளிது. சமமான கெட்டித் தரை வேண்டும். இராயபுரம், திருவொற்றியூர்க் கடலோர மணலில் ஜாக்கி புதையும், கனத்த பலகை இட்டாலும் அங்கே அடியில் படுக்க வேண்டாம். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்வது நல்லது. தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, காரை அவற்றின்மேல் மெல்ல இறக்கி, வெளியே நின்று அசைத்துப் பார்க்க வேண்டும். செங்கல் அடுக்குபவர்களைக் கண்டால் நமக்குப் பதறுகிறது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்கப்போட்டு வைக்கலாம், இடமும் மிச்சம்.