காணி வழியே வம்சம்: யாழ்ப்பாணத்து உறுதிகளும் தோம்புகளும்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது கடினம். தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் அங்கே இல்லை. தகப்பன் பெயரே பிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும். பாட்டன் பெயரை மூத்த பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, வேலர் கந்தரும் கந்தர் வேலரும் மாறி மாறி வருவார்கள். ஒரு கந்தர் வேலர் பாட்டனா பேரப்பிள்ளையா என்பதைப் பெயரிலிருந்து அறிய முடியாது. இலங்கையில் பிறப்பு, இறப்புகளை அரசு ஒழுங்காகப் பதியத் தொடங்கியது 1867இல்தான். அதற்கு முந்திய காலத்துக்குக் கைகொடுப்பவை காணி பற்றிய எழுத்துகள். ஆட்கள் ஊர்மாறினாலும் காணி இருந்த இடத்திலேயே இருக்கும். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் எழுதிவைத்தாக வேண்டியிருந்தது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதும் வரி அறவிடுவதற்காகக் காணி விவரங்களைத் திரட்டத் தொடங்கினர். 1658இல் அவர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வேலையை விரிவாகச் செய்தார்கள். தோம்பு எனப்படும் அவர்களது பதிவேடுகளில் காணியின் பெயர், பரப்பு, உடையவர், சாதி, செலுத்த வேண்டிய வரி என்பன இடம்பெற்றன. பள்ளிக்கூடத் தோம்பு என்று வேறொரு வகையும் இருந்தது. கோயிற்பற்று எனப்பட்ட ஒவ்வொரு திருச்சபைப் பிரிவிலும் பள்ளிக்கூட உபாத்தியாயரே ஞானஸ்நானங்களையும் கலியாணங்களையும் அதில் எழுதிவந்தார். வீட்டில் சைவராக வாழ்ந்தவர்களும் அதில் ஞானஸ்நானப் பெயரோடு காணப்படுவதால், காணித் தோம்பில் உள்ளவரும் பள்ளிக்கூடத் தோம்பில் உள்ளவரும் ஒரே ஆள்தானா என்பதைத் தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் எஞ்சியவை பெரும்பாலும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன.

இந்த எழுத்துகளைப் படிப்பதற்கு முன் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை தெரிந்திருக்க வேண்டும். ஆளுநர் கோர்னேலிஸ் யோன் சீமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக (நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 சனவரியில் ஒப்படைத்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டனர். 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றனர். அதன்படி சொத்து மூன்று வகை: பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்தின் பின் சம்பாதித்தது தேடியதேட்டம். ஆதி வழக்கத்தில் தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தேடியதேட்டம் இருபாலாருக்கும் போனது என்று அத்தொகுப்பே சொல்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலேயே இந்தப் பிரிவு கலங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் தாயின் வளவு மகளுக்கு என்ற நடைமுறை பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

வம்சம் தேடுவோர் பலர் தவறவிடுவது இதைத்தான். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியாகவே மேலேறினால் குடும்பத்தின் பாதிதான் கிடைக்கும். சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றோரின் மிகுதிச் சொத்தில் பங்கு இருக்கவில்லை என்பதால், தகப்பன் இறந்தபின் எழுந்த பங்கீட்டு எழுத்துகளில் அவள் பெயரே இராது. அவளைக் காண்பது சீதன உறுதியில், அதாவது சீதனம் கொடுத்ததை எழுதிய பத்திரத்தில். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து பேத்திக்கும் இறங்கியிருந்தால், அந்த ஒரு வளவின் உறுதிகளைப் பின்னோக்கி அடுக்கினாலே வேறெந்தப் பதிவிலும் கிடைக்காத பெண்வழி முழுவதும் வெளிப்படும். 1911இல் வந்த கட்டளைச் சட்டம் அதன்பின் கலியாணம் முடித்தவர்களுக்கு வேறு விதிகளை வகுத்தது. ஆகவே ஒரு தம்பதி எந்த ஆண்டு மணமுடித்தனர் என்பதைத் தெரிந்துகொண்டே அவர்களது சொத்து எழுத்துகளைப் படிக்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி பற்றிய உறுதி எதுவும் நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும் என்றது. உறுதியின் ஒரு படி உடையவரிடமும் ஒன்று நொத்தாரிசிடமும் ஒன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும் ஏற்பாடு அமைந்தது. போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுப் பிரதியை இழந்த குடும்பங்கள் மற்ற இரண்டில் ஒன்றைத் தேடிப் போக முடிந்தது இதனால்தான்.

ஓர் உறுதியில் வம்சத்துக்கு உதவாத வரி குறைவு. விற்பவருக்கோ கொடுப்பவருக்கோ அந்தக் காணி எப்படி வந்தது என்ற பகுதியில் முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். எல்லை சொல்லும் பகுதியில் நாலு பக்கத்துக் காணிக்காரர் பெயர்கள் வரும். ஒரு காலத்தில் ஒரே காணியாக இருந்து பிரிந்தவை என்பதால் அவர்களில் சகோதரரும் மச்சான்மாரும் இருப்பது வழக்கம். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் யார் யாருக்கு உண்டு என்று எழுதியிருந்தால் அதுவும் பழைய உறவுக்குச் சான்று. சாட்சிகளையும் விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பயனுள்ளது பின்னம். பிரிக்கப்படாத காணியில் ஒருவருக்கு 1/6 பங்கு இருந்து, அடுத்த தலைமுறையில் அது 1/24 ஆனால், உரிமை பெற்ற பிள்ளைகள் நால்வர் என்று கொள்ளலாம். மூவரின் உறுதிகள் மட்டும் கிடைத்தால் நாலாமவரைத் தேட வேண்டும். அவர் பிள்ளையில்லாமல் இறந்திருக்கலாம், பங்கை ஒற்றி வைத்திருக்கலாம், மலாயாவுக்கோ கொழும்புக்கோ போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம்.

மரணசாதனம், அதாவது உயில், பரவியது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். அதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதோடு, யாரை ஏன் விலக்கினார் என்பதையும் சிலர் அதில் எழுதினர். இருந்தாலும் அந்தத் தாளைவிட, இறப்பின்பின் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த மரணசாதன வழக்கின் கோவையே அதிகம் சொல்லும். இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், முன்னரே இறந்த பிள்ளையின் மக்கள் என எல்லா உரித்தாளரையும் மனுவில் காட்ட வேண்டும்; வயது வராதவர்களுக்குப் பொறுப்பாளராக நிற்கும் உறவினரும் பெயரோடு வருவார். சொத்துப் பட்டியலும் உடன் இருக்கும். மரணசாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கும் இத்தகைய வழக்குகள் நடந்தன.

காணி இல்லாதவர்களின் கதை வேறு. தேசவழமை அடிமைகளையும் சொத்தாகவே கருதியது; சீதனத்தோடு ஆட்களும் கொடுக்கப்பட்டார்கள். அவர்களது வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோரைத் தேடும்போது, உடைமைக்காரக் குடும்பங்களின் எழுத்துகளுக்குள், காணிக்கும் நகைக்கும் அடுத்த வரியில், தகப்பன் பெயர்கூட இல்லாமல் அவர்களைக் காண நேரிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அடிமைகளைப் பதியும்படி விதித்தபோது எழுந்த பதிவுகள் அதற்குத் துணையாகும். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளின் உறுதிகளில் அந்தக் குடும்பங்களில் ஒருவர் முதன்முறையாகக் காணி வாங்குபவராக எழுதப்பட்டிருக்கும் இடத்திலிருந்தே அவர்களது சொந்த ஆவண வரிசை தொடங்குகிறது.