மணலி வயலினும் லண்டன் கிடாரும்

சிங்கர்-சாங்ரைட்டர்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கிடாரும் கையுமா ஸ்டூல் மேல உக்காந்திருக்கிற ஒரு வெள்ளைக்காரர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுறவர். ஆனா இதுக்கு நம்மகிட்ட ரொம்ப காலமா ஒரு பேர் இருக்குங்க: வாக்கேயக்காரர். திருவையாற்றுத் தெருவில் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடின தியாகராஜர் (1767-1847) வேற என்னவாம்? கிடாருக்குப் பதிலா தம்புரா, அவ்வளவுதான்.

இந்த ரெண்டு வகையையும் ஒரே ஆளா சேர்த்து வச்சிருக்கிற ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பேர் சுஷீலா ராமன். 1973ல் லண்டனில் பிறந்தவர். அப்பா அம்மா தஞ்சாவூர்த் தமிழர்கள், 1960களின் நடுவில் இங்கிலாந்து போனவங்க. சுஷீலாவுக்கு நாலு வயசு இருக்கும்போது குடும்பம் ஆஸ்திரேலியா போயிடுச்சு. வீட்ல கர்நாடக சங்கீதம், சின்ன வயசுலயே கச்சேரி. டீன் ஏஜ் வந்ததும் சிட்னியில ராக் பேண்டு, அப்புறம் ப்ளூஸ், ஜாஸ்.

ரெண்டு குரலையும் ஒண்ணா பாட முடியுமான்னு தேடி 1995ல் இந்தியா வந்தார். 1997ல் லண்டன் திரும்பி, சாம் மில்ஸ்ங்கிற கிடாரிஸ்டோட சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிச்சார். வங்காளத்து பவன் தாஸ் பாவுலோட ஏற்கெனவே ஆல்பம் போட்டவர் இந்த சாம். 2001ல் 'சால்ட் ரெயின்' வந்தது. அதுல 'நகுமோமு' இருக்கு, டிம் பக்லியோட 'சாங் டு தி சைரன்' இருக்கு, சொந்தப் பாட்டும் இருக்கு. அந்த வருஷ மெர்குரி பரிசுப் பட்டியல்ல ரேடியோஹெட் பக்கத்துல இவர் பேரும் வந்தது. பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போச்சு. அறிவிச்ச நாள் 2001 செப்டம்பர் 11. அன்னிக்கு யார் பாட்டைப் பத்திப் பேசியிருப்பாங்க, சொல்லுங்க?

சரி, தியாகராஜர் கீர்த்தனைக்கு கிடார் வாசிக்கலாமா? இதைக் கேட்டா பலருக்குக் கோபம் வருது. அவங்களுக்கு நான் சொல்ற பதில் எங்க பக்கத்துலயே இருக்கு. தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மின்சார ரயில்ல போய்வர்ற ஆள் நான். இந்த வடசென்னைப் பக்கம்னாலே எல்லாருக்கும் புகைபோக்கியும் டேங்கர் லாரியும்தான். ஆனா சுத்திகரிப்பு ஆலை இருக்கிற இதே மணலியில்தான், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், மணலி முதலியார் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. கோட்டையில் வெள்ளைக்காரங்க பேண்டு வாத்தியம் கேட்டவங்க அவங்க. இளைய மகன் பாலுசுவாமி ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார். இன்னிக்கு வயலின் இல்லாம கச்சேரி உண்டா? மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இங்கிலீஷ் மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டு நோட்டுஸ்வரம் செஞ்சார். 'சந்ததம் பாஹிமாம்' பாடினா கேட்கிறது 'காட் சேவ் தி கிங்' மெட்டு!

ஆக, இங்கிலாந்து இசை மணலி வழியா நம்ம வீட்டுக்குள்ள வந்து 200 வருஷம் தாண்டியாச்சு. சுஷீலா அதே ரோட்டுல எதிர்ப்பக்கமா நடக்கிறார்.

இன்னொரு பொருத்தமும் இருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் முதல் கீர்த்தனையைப் பாடினது திருத்தணியில்னு சொல்லுவாங்க. முருகனே கிழவராக வந்து வாயில கல்கண்டு போட்டாராம். கும்மிடிப்பூண்டி இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டம்தான். சுஷீலாவும் கடைசியில் முருகன்கிட்டதான் வந்து சேர்ந்தார். கோவை கமலா மாதிரி பக்திப் பாடகர்களோட பழகி, 2011ல் 'வேல்'னு ஒரு ஆல்பம் போட்டார். சபா சங்கீதம் இல்லைங்க இது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் படியில காவடியோட தொண்டை கிழியப் பாடுவாங்களே, அந்த வகை. ராக் பாடின குரலுக்கு இது எப்படிப் பொருந்துது பாருங்க!

அதோட நிக்கலை. 2014ல் 'குயின் பிட்வீன்' ஆல்பத்துல ராஜஸ்தான் கலைஞர்களும் பாகிஸ்தான் கவ்வாலிக்காரங்களும். 2018ல் 'கோஸ்ட் கமலான்', ஜாவா வாத்தியங்களோட.

எல்லாப் பாட்டும் எனக்குப் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். சில இடத்துல உச்சரிப்பு இடிக்கும், கச்சேரி காதுக்கு நெருடும். ஆனா ஒண்ணு: ஊரை விட்டுப் போன குடும்பங்கள்ல அடுத்த தலைமுறைக்குப் பாட்டு ஒரு பொக்கிஷமா பூட்டி வைக்கிற பொருளாயிடுது. ஞாயித்துக்கிழமை கிளாஸ், வருஷத்துக்கு ஒரு மேடை, அவ்வளவுதான். இவர் பூட்டைத் திறந்து வெளிய எடுத்துப் புழங்கினார். கீறல் விழத்தான் செய்யும். புழங்காத பாத்திரத்துக்குக் களிம்பு பிடிக்குமே, அது பரவாயில்லையா?

கேக்காதவங்க முதல்ல 'சால்ட் ரெயின்', அப்புறம் 'வேல்' கேளுங்க. கேட்டுட்டு வந்து திட்டுறதா இருந்தாலும் திட்டுங்க மக்களே, பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு.