வீட்டு மழைநீர் சேகரிப்பு (சென்னை)

மொட்டைமாடியிலும் வீட்டைச் சுற்றியுள்ள தரையிலும் விழும் மழையைத் தெருவுக்கு ஓடவிடாமல் தொட்டியில் பிடித்து வைப்பதும் மண்ணுக்குள் இறக்குவதும் மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை உண்டு. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. பெய்த மழையைத் தங்க வைக்க இடமில்லாததும் இந்த நிலைக்கு ஒரு காரணம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆகவே 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் அது ஒன்பது நடைக்கு மேல்.

சம்ப் எனப்படும் தரைக்கடித் தொட்டியில் சேமிப்பதானால் முதல் மழையை உள்ளே விடக்கூடாது. மாடியின் தூசியும் காக்கை எச்சமும் சருகும் அதில்தான் அடித்துக்கொண்டு வரும். இறங்கு குழாயின் அடியில் ஒரு மூடி வைத்து, அதைத் திறந்து அந்த நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு மூடினால், அடியில் கூழாங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் பரப்பிய வடிகட்டி வழியாக நீர் சம்ப்புக்குப் போகும். குடிப்பதற்குக் காய்ச்சிக்கொள்வது நல்லது.

நிலத்தடிக்கு அனுப்புவதில் திறந்த கிணறு உள்ள வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர். மாடிக் குழாயை வடிகட்டி வழியாகக் கிணற்றில் சேர்த்தாலே போதும். வற்றிய கிணற்றைக் குப்பை கொட்டித் தூர்த்துவிடுவது பெரிய இழப்பு. கிணறு இல்லாத வீட்டில் சிமெண்ட் உறைகளை இறக்கிக் கசிவுக் கிணறு தோண்டலாம். பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணலில் நீர் சட்டென்று உறிஞ்சப்படும். அங்கே உப்புநீர் உள்ளே ஏறுவதையும் இது மட்டுப்படுத்தும். களிமண் பகுதியில் களிமண் அடுக்கைத் தாண்டும் ஆழம் தேவை.

2003-இல் அவசரத்தில் பல வீடுகள் சிறு குழி தோண்டி, கல்லும் மணலும் நிரப்பி மூடிவிட்டன. இரண்டு மூன்று மழைக்காலத்தில் வண்டல் அடைத்துக்கொண்டால், நிரப்பிய அனைத்தையும் வாரி எடுக்காமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. உள்ளே எதையும் நிரப்பாத, மூடி போட்ட உறைக் கிணறே மேல். மூடியைத் திறந்து ஆள் வைத்துத் தூர் வாரலாம். கொசு புகாதபடி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குளியலறை நீரையோ கழிவுநீரையோ இதில் ஒருபோதும் கலக்கக் கூடாது.

செப்டம்பரில் மாடியைப் பெருக்கி, குழாய் வாய்ச் சருகை எடுத்து, வடிகட்டியின் மேல் மணலைக் கழுவிப் போடுவது வழக்கமாக வேண்டும். நல்ல மழைக்கு மறுநாள் கசிவுக் கிணற்றின் மூடியைத் திறந்து பார்க்கலாம். நீர் இறங்காமல் நின்றால் அடியில் வண்டல் படிந்திருக்கலாம், அல்லது களிமண்ணைத் தாண்டத் தோண்டிய ஆழம் போதாதிருக்கலாம்; சுற்றிலும் நிலத்தடி நீரே மேலேறியிருந்தாலும் அப்படி நிற்கும்.